கொப்பரை கொதிக்கும் நாளில் போங்கள்: தெற்கு ஜார்ஜியாவின் பழைய கிராமம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவிலிருந்து ஐ-75 நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 180 மைல் போனால் திஃப்டன் என்ற ஊர் வரும். 63பி வெளிவழியில் இறங்கினால் ஜார்ஜியா வேளாண் அருங்காட்சியகமும் அதோடு சேர்ந்த பழைய கிராமமும். அமெரிக்கா தன் 200-ஆவது சுதந்திர நாளைக் கொண்டாடிய 1976 ஜூலை 4 அன்று 'ஜார்ஜியா அக்ரிராமா' என்ற பெயரில் திறந்தார்கள். 2010 முதல் ஆபிரகாம் பால்ட்வின் வேளாண் கல்லூரியின் பொறுப்பில் இருக்கிறது. 95 ஏக்கர். தென் ஜார்ஜியாவின் பல இடங்களில் இருந்த வீடு, ஆலை, கடை, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாவற்றையும் பெயர்த்துக் கொண்டுவந்து, 1870-க்கும் 1910-க்கும் இடைப்பட்ட காலத்துக் கிராமமாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்து உடுப்பில் ஆட்கள் இருந்து வேலையைச் செய்தே காட்டுவார்கள்.

வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தை வீணடிக்கிறார்கள். முப்பதுக்கு மேற்பட்ட கட்டடங்களையும் இரண்டு மணி நேரத்தில் எட்டிப் பார்த்து, நீராவி ரயிலில் ஒரு சுற்றுச் சுற்றி, மருந்துக்கடையில் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு, "எல்லா வீடும் ஒன்றுபோலத்தான் இருக்கு" என்று திரும்புகிறார்கள். ஓடாத ஆலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை கூடவே நின்று பார்ப்பதுதான் வழி. மற்ற கட்டடங்களை விட்டாலும் நஷ்டமில்லை.

எனவே முதல் வேலை, என்ன ஓடுகிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது. "என்றைக்குத் திறந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. மரஅறுவை ஆலை, பஞ்சு அரவை, பைன் பிசினைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் டர்பன்டைன் உலை, கரும்புச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கரும்பாலை ஆகிய நான்கும் தினமும் ஓடுவதில்லை. கிராமத்தில் உடுப்பு அணிந்த ஆட்கள் எல்லா நாளும் இருப்பதும் இல்லை. "இந்தச் சனிக்கிழமை எந்த ஆலை ஓடும், எத்தனை மணிக்கு நெருப்பு மூட்டுவீர்கள்?" என்று தொலைபேசியில் கேளுங்கள். நெருப்பு மூட்டும் நேரத்துக்கே போய்விடுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் போனால் பாதி வேலை முடிந்திருக்கும்.

பருவம் என்றால் நவம்பர்தான். வெயில் அடங்கியிருக்கும், கரும்பும் வெட்டுக்கு வந்திருக்கும். நன்றி நவிலல் நாளை ஒட்டிய வாரங்களில் தென் ஜார்ஜியா முழுக்கக் கரும்பாட்டும் காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவது தண்டனை. 35 டிகிரி வெயில், அதற்குமேல் புழுக்கம், அதற்கும் மேல் கண்ணீச்சி. ஜார்ஜியாவின் நடுவே மேக்கன், கொலம்பஸ் ஊர்களை ஒட்டி ஒரு கோடு போட்டு, அதற்குத் தெற்கே கண்ணீச்சி நாடு என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். கடிக்காது, ஆனால் கண்ணிலும் மூக்கிலும் வந்து மொய்க்கும். கொசுமருந்து இவற்றிடம் பெரிதாகப் பலிப்பதில்லை. உள்ளூர்க்காரர்கள் பேச்சை நிறுத்தாமல் வாயோரத்தால் மேல்நோக்கி 'ஃபூ' என்று ஊதிக்கொள்வார்கள். நீங்களும் அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்வீர்கள். செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். மண்மேடு தெரிந்தால் அதன்மேல் நிற்காதீர்கள், அது நெருப்பெறும்புப் புற்று.

கரும்பாலைக்கு வருவோம். நம்மவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்த வேலை. அதனால்தான் மீதிப் பாதி சுவையாக இருக்கும்.

நின்ற வாக்கில் மூன்று இரும்பு உருளைகள். அவற்றின் தலையில் நீண்ட வளைந்த கம்பம். கம்பத்தின் நுனியில் கோவேறு கழுதை. அது சுற்றிச் சுற்றி நடக்க, உருளைகள் சுழலும். கரும்பை ஊட்டுகிறவர் உருளைக்குப் பக்கத்திலேயே தாழ்ந்து உட்கார்ந்திருப்பார், ஏனென்றால் கம்பம் ஒவ்வொரு சுற்றிலும் அவர் தலைக்குமேல் போய்வரும். மறந்து எழுந்தால் மண்டையில் விழும். அதைவிடப் பெரிய ஆபத்து உருளை வாய். அந்தக் காலத்தில் கையைக் கொடுத்து நசுங்கியவர்கள் உண்டு. அதனால் ஒரு கரும்பின் வால் உள்ளே போகும்போது கையால் தள்ள மாட்டார்கள், அடுத்த கரும்பின் நுனியால் தள்ளுவார்கள். பிள்ளைகளைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்துங்கள், கழுதையின் பின்பக்கம் போகவிடாதீர்கள்.

கரும்பின் தோகையை உரித்து, கொழுந்துப் பக்கத்துக் கணுக்களை வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஆலைக்குக் கொண்டுவருவார்கள். நுனியில் இனிப்புக் குறைவு. அதையும் சேர்த்து ஆட்டினால் பாகின் சுவை கெடும். வெட்டிய கரும்பை நாள் கணக்கில் போட்டுவைத்தாலோ பிழிந்த சாற்றை மணிக்கணக்கில் வைத்தாலோ புளிக்கத் தொடங்கும். கடும் பனியில் கருகிய கரும்பும் அப்படியே. ஆலைக்காரர்கள் பனி விழுவதற்கு முன் வெட்டி முடிக்கப் பறந்ததற்கு இதுதான் காரணம்.

சக்கையை எடுத்துக் கையால் முறுக்கிப் பாருங்கள். சாறு சொட்டினால் உருளைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், சாறு சக்கையோடு போகிறது. நெருக்கிவைத்தால் கழுதை இழுக்கத் திணறும். நல்ல ஆலைக்காரர் அந்த இடைவெளியைக் கழுதையின் நடையைப் பார்த்தே சரிசெய்வார்.

சாறு கோணிச்சாக்கு, துணி என்று வடிகட்டிகள் வழியாகக் கொப்பரைக்குப் போகும். செங்கல் அடுப்பில் பதித்த வார்ப்பிரும்புக் கொப்பரை. சாதாரணமாக 60 முதல் 80 காலன், அதாவது 227 முதல் 300 லிட்டர் பிடிக்கும். அடுப்பில் எரிவது பிசின் ஊறிய பைன் கட்டை. இனிமேல் நடப்பதுதான் பார்க்கவேண்டிய வேலை.

சாறு சூடேறும்போது, கொதிப்பதற்கு முன்பே, அழுக்குப் பச்சையில் கனமான ஆடை ஒன்று மேலே திரளும். அதைக் கொதி வருவதற்குள் ஜல்லிக்கரண்டி போன்ற நீண்ட பிடிக் கரண்டியால் வழித்துவிட வேண்டும். கொதி புரளத் தொடங்கிவிட்டால் ஆடை உடைந்து உள்ளேயே கலந்துவிடும், பாகு கலங்கலாக, கரும்பின் பச்சை வாடையோடு இறங்கும். நம் ஊர் வெல்லக் கொப்பரையில் சுண்ணாம்பும் வெண்டைத் தண்டுச் சாறும் போட்டு அழுக்கைத் திரட்டுவார்களே, இங்கே வீட்டுக் கொப்பரைகளில் அந்தப் பழக்கம் பெரிதாக இல்லை. கரண்டியும் பொறுமையும்தான். அதனால் முதல் ஒரு மணி நேரம் கரண்டிக்காரர் யாரிடமும் பேச மாட்டார். அப்போது கேள்வி கேட்காதீர்கள்.

அழுக்கு எடுத்தபின் நெருப்பைக் கூட்டி மூன்று நான்கு மணி நேரம் கொதிக்க விடுவார்கள். 6 முதல் 10 காலன் சாறு சுண்டினால்தான் 1 காலன் பாகு. கரும்பின் இனிப்பைப் பொறுத்து அது மாறும். ஆக ஒரு பெரிய கொப்பரைச் சாறு கடைசியில் ஒரு பால்கேனுக்குள் அடங்கிவிடும். பதத்தைக் குமிழியில் பார்ப்பார்கள். முதலில் நுரைநுரையாகப் பொங்கும். போகப்போக நுரை அடங்கி, கனத்த குமிழிகள் மெதுவாக எழும்பி 'பொளக்' என்று உடையும். கரண்டியை உயர்த்தினால் பாகு சொட்டுச் சொட்டாக விழாமல் விளிம்பில் ஒன்றுசேர்ந்து தகடாக விழ வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 108, 109 செல்சியஸில் நிறுத்துவார்கள். அடர்த்தி பார்க்கும் மானி இருந்தால் சூடான பாகில் பாமே அளவு 35-ஐ ஒட்டிக் காட்டும்.

வெல்லத்துக்கு நாம் 118 டிகிரி வரைக்கும் போவோம். இவர்கள் பத்து டிகிரி முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பத்து டிகிரிதான் அச்சில் ஊற்றும் கட்டிக்கும் புட்டியில் ஊற்றும் பாகுக்கும் உள்ள வித்தியாசம். இங்கே கூடப் போனால் புட்டிக்குள் சர்க்கரை படியும், அதற்கும் மேலே போனால் கல்லாகும். முன்னாலேயே இறக்கினால் ஜனவரிக்குள் புளித்து மூடியைத் தள்ளும். அதனால் பதம் வந்ததும் ஒரே ஓட்டமாக இருக்கும். நெருப்பை இழுத்து, வாளிவாளியாக மொண்டு வெளியே ஊற்றுவார்கள். அடுப்பை அணைத்தாலும் வார்ப்பிரும்பின் சூடு விடாது. கடைசி நாலு வாளியைத் தாமதித்தால் அடியில் கருகி, முழுப் பாகிலும் அந்தக் கசப்பு ஏறும். நாளின் மொத்த வேலையும் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

பதம் இறங்கியதும் கரண்டிக்காரர் பேசத் தயாராக இருப்பார். அப்போது கேளுங்கள்: வழித்த அழுக்கு எங்கே போகும்? பன்றிக்குப் போகும் என்பார். புளிக்கவைத்துக் குடித்தவர்களும் இருந்தார்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்.

டர்பன்டைன் உலை இதற்கு நேர் எதிர். கரும்பு குடும்ப வேலை, அக்கம்பக்கம் கூடும் வேலை. டர்பன்டைன் காட்டு முகாம் வேலை. உலையைப் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, வசந்த காலத்தில் மூட்டுகிறார்கள். அந்த நாள் கிடைத்தால் கரும்பையும் விட்டுவிட்டு இதற்குப் போகலாம் என்பது என் கட்சி. அமெரிக்காவில் இப்படி ஓடும் பழைய உலை அரிது.

நீள இலைப் பைன் மரத்தின் பட்டையைச் சீவி, அதன்மேல் சாய்வாக வெட்டு வெட்டினால் பிசின் வழியும். காயம் ஆறிப்போகாமல் இருக்க வெதுவெதுப்பான மாதங்களில் வாரம் ஒருமுறை மேலே மேலே புதிய வெட்டுப் போடுவார்கள். பல வருட வெட்டுகள் அடுக்காகச் சேர்ந்து பூனை மீசைபோலத் தெரியும். அதனால் அதற்குப் 'பூனை முகம்' என்று பெயர். முன்பு மரத்தின் அடியிலேயே குழி வெட்டிப் பிசினைத் தேக்கினார்கள். குழி வெட்டிய மரம் காற்றில் விழும், காட்டுத்தீயில் முதலில் எரியும். 1900-களின் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் சார்லஸ் ஹெர்ட்டி என்ற வேதியியலாளர் மண் கோப்பையும் தகரச் சரிவும் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். ரப்பர் தோட்டத்துச் சிரட்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. கிராமத்தில் இந்தக் கோப்பைகள் இருக்கும், பூச்செடித் தொட்டி என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள்.

பிசினைச் செம்புக் கொப்பரையில் போட்டுத் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். தண்ணீர் எதற்கு என்று கட்டாயம் கேளுங்கள். டர்பன்டைன் தனியாக 150 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், அந்தச் சூட்டில் பிசின் கருகும். நீராவியோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குக் கீழேயே ஆவியாகிவிடும். ஆவி, தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டிருக்கும் செம்புக் குழாய் வழியாக இறங்கிக் குளிர்ந்து, பீப்பாயில் டர்பன்டைன் மேலே, தண்ணீர் கீழே என்று பிரியும். உள்ளே தண்ணீர் குறைந்தால் சரக்குக் கருகும். கூடினால் பொங்கி வழிந்து உலைக்கூடமே எரியும். கொப்பரைக்குள் எட்டிப் பார்க்க முடியாதே, எப்படித் தெரியும்? உலைக்காரர் குழாயின் வால்முனையில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே பொரியும் சத்தத்தைவைத்துத் தண்ணீரைக் கூட்டுவார், குறைப்பார். அப்படிக் காது வைக்கும் நேரம்தான் அங்கே பார்க்கவேண்டிய காட்சி. கேமராவைத் தயாராக வைத்திருங்கள், ஆனால் பக்கத்தில் போகாதீர்கள்.

மிஞ்சுவது ரோசின். உருகிய நிலையில் கம்பி வலை, பஞ்சு மெத்தை வழியாக வடித்துப் பீப்பாயில் இறக்குவார்கள். ஆறினால் கண்ணாடிபோல இறுகும். நிறம் வெளிறினால் விலை உயர்வு, கறுத்தால் தாழ்வு. மரக்கப்பல் காலத்தில் தாரும் கீலும் பைன் மரத்திலிருந்தே வந்ததால் இந்தச் சரக்குகள் எல்லாவற்றுக்கும் 'கப்பல் சாமான்' என்றே பெயர். 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் சவானா துறைமுகம் இந்த வணிகத்தில் உலகத்திலேயே முன்னணியில் இருந்தது.

இங்கே இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: வெட்டியது யார்? காட்டு வேலையை அளந்த கணக்கில் ஒரு 'கிராப்' என்றால் 10,000 வெட்டு முகங்கள். ஆள் ஒவ்வொரு மரத்தையும் வெட்டி முடித்துத் தன் அடையாளச் சொல்லை உரக்கக் கூவ, கணக்கன் புள்ளி வைப்பான். கூவியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சாப்பாடு, உடுப்பு எல்லாம் முகாம் கடையில் கடனுக்கு. கடன் தீரும்வரை கிளம்ப முடியாது. கடனுக்காக ஆளைப் பிடித்துவைப்பதை மத்தியச் சட்டம் 1867-லேயே தடைசெய்திருந்தும் காட்டுக்குள் அது நடந்தது. இது போக, ஜார்ஜியா அரசே கைதிகளை டர்பன்டைன் முகாம்களுக்கும் மரஆலைகளுக்கும் வாடகைக்கு விட்டது. அந்த முறை 1868-இல் தொடங்கி 1908-இல்தான் ஒழிந்தது. அதாவது கிராமம் காட்டும் காலம் ஏறக்குறைய முழுக்க. உடுப்பு அணிந்த வழிகாட்டிகள் இதைத் தாங்களாகச் சொல்லாமல் போகலாம். கேட்டால் தெரிந்ததைச் சொல்வார்கள். மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், பள்ளிக் குழந்தைகள் கூட்டத்தில் எண்ணெய் வாசனையைப் பற்றிப் பேசுவது எளிது, அவ்வளவுதான்.

பஞ்சுக்கும் இதே பாடம். அரவைக்கூடத்தில் வட்டத் தகடுகள் வரிசையாகச் சுழலும். அவற்றின் பற்கள் பஞ்சைக் கவ்வி, நெருக்கமான இரும்பு விலாக்களுக்கு நடுவே இழுக்கும். கொட்டை அந்தச் சந்தில் நுழைய முடியாமல் இந்தப் பக்கமே விழும். பின்னால் சுழலும் தூரிகை, பல்லில் ஒட்டிய பஞ்சைத் தட்டி எடுக்கும். எலி விட்னி 1794-இல் காப்புரிமை வாங்கியது இந்த யோசனைக்குத்தான். ஈரப் பஞ்சைக் கொடுத்தால் அடைத்துக்கொள்ளும், இழையும் அறுபடும். ஒரு சின்னக் கல் உள்ளே போனால் பொறி பறந்து தீப்பிடிக்கும். பொதிக்குள் புகுந்த நெருப்பு நாட்கணக்கில் வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். கொட்டையோடு சுமார் 1,500 பவுண்டு எடுத்து வந்தால் 500 பவுண்டுப் பொதி ஒன்று கிடைக்கும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1840-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்களை இந்தப் பல்தகட்டு எந்திரங்களோடு இந்தியாவுக்கு வரவழைத்தது. கோயம்புத்தூரில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் மேற்பார்வையில் அமெரிக்கப் பருத்தி பயிரிட்டுப் பார்த்தார்கள். திஃப்டனில் தகடு சுழலுவதைப் பார்க்கும் கோவைக்காரருக்கு அந்தச் சத்தம் அவ்வளவு அந்நியமானதல்ல.

அரவைக்கூடத்திலிருந்து நேரே கிராமத்துக் கடைக்கு நடந்து போங்கள். பெரும்பாலோர் அங்கே மிட்டாய் ஜாடியைப் பார்ப்பார்கள். நீங்கள் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள், இல்லையென்றால் அதைப் பற்றிக் கேளுங்கள். 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின், நிலமில்லாதவர்கள் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு தருவதாக, எடுத்து உழுதார்கள். அவர்களில் கறுப்பினத்தவரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. கழுதை, விதை, உரம் எல்லாம் நிலக்காரருடையது என்றால் விளைச்சலில் பாதி அவருக்கு. கழுதையும் கருவியும் சொந்தமாக வைத்திருந்தால் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒன்று, பருத்தியில் நாலில் ஒன்று கொடுத்தால் போதும். சாப்பாட்டு மாவும் துணியும் கடையில் கடனுக்கு வரும், ரொக்க விலை ஒன்று, தவணை விலை ஒன்று. ஈடு, இன்னும் முளைக்காத பயிர்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1890-களில் பருத்தி விலை பவுண்டுக்கு 5 சென்ட் அளவுக்கு விழுந்தது. ஒரு பொதி 25 டாலர். ஒரு குடும்பம் ஆறு பொதி எடுத்தது என்று வையுங்கள், 150 டாலர். பாதி நிலக்காரருக்கு. மிச்சம் 75 டாலரில் பன்னிரண்டு மாதக் கடைக்கடன் கழிய வேண்டும். கழியாவிட்டால் அது அடுத்த வருடக் கணக்கின் முதல் வரி. கடைக்காரரும் பருத்திதான் போடச் சொல்வார், ஏனென்றால் காய்கறியை அவர் ஈடாக எடுக்க மாட்டார். பருத்திக் காய்வண்டு 1915-இல் ஜார்ஜியாவுக்குள் வந்து பயிரை அழித்தபிறகுதான் நிலக்கடலை இந்தப் பக்கம் பெரிதாகத் தலையெடுத்தது.

வீடுகளை எப்படிப் பார்ப்பது? உள்ளே இருக்கும் கட்டிலையும் கண்ணாடியையும் விடுங்கள், சுவரைப் பாருங்கள். மரத்துண்டுகள் மூலையில் சேரும் இடத்தில் புறா வால்போல விரிந்து, வெளிப்பக்கம் சரிந்த வெட்டு இருந்தால் தச்சர் கைதேர்ந்தவர். மழைநீர் அந்தச் சரிவில் வழிந்து வெளியேறும், மூலை மக்காது. பலகையில் ரம்பத் தடம் நேர்நேராக மேலும் கீழும் இருந்தால் பழைய தூக்கு ரம்பம். வில்லாக வளைந்திருந்தால் வட்ட ரம்பம், பிந்திய காலம். ஆணித் தலை சதுரமாக இருந்தால் 1890-க்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். உருண்டைக் கம்பி ஆணி என்றால் அதற்குப் பின் வந்தது, அல்லது பின்னால் பழுதுபார்த்தது. இந்த மூன்றையும் சொல்லிக்கொடுத்து விட்டால் பத்து வயதுப் பிள்ளைகள் சலிப்பில்லாமல் எல்லா வீட்டையும் சுற்றிவருவார்கள்.

டாக்ட்ராட் வீடு என்று ஒரு வகை, நாய் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் ஓடிவிடலாம் என்பதால் அந்தப் பெயர். இரண்டு அறை, நடுவே திறந்த வழி, மேலே ஒரே கூரை. நம் ரேழியைப் போல, ஆனால் இரண்டு முனையிலும் கதவே இல்லை. வெயில் நேரத்தில் அந்த நடுவழியில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு அறைக்குள் போய்ப் பாருங்கள், எதற்காக அப்படிக் கட்டினார்கள் என்று தோலே சொல்லும். வீடு தரையில் உட்காராமல் கட்டைமேலோ செங்கல் தூண்மேலோ நிற்கும். கீழே காற்று ஓடும், கரையான் ஏறுவது தெரியும், கோழி ஒதுங்கும். சமையற்கட்டு தனியாக எட்ட இருந்தால் அது தீப்பிடிக்கும் பயமும் சூடும்.

வாசலில் புல் இல்லாமல் வெறும் மண்ணாகப் பெருக்கியிருந்தால், பராமரிப்பு இல்லை என்று நினைக்காதீர்கள். அதுதான் அந்தக் காலத்து ஒழுங்கு. மிலாறு கட்டிய துடைப்பத்தால் தினமும் கீறல் விழப் பெருக்குவார்கள். பாம்பு வந்தால் தெரியும், புல்லில் தீ ஓடி வீட்டுக்கு வராது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கம்பத்தில் தொங்கும் சுரைக்குடுக்கைகள் ஊதா நிறத் தகைவிலான்களுக்கு. அவை கூடு கட்டினால் பருந்தை விரட்டும், கோழிக்குஞ்சு தப்பும்.

சோப்புக் காய்ச்சிக் காட்டினால் பிள்ளைகளின் கை மேல் கண் இருக்கட்டும். சாம்பலில் மழைத்தண்ணீரை ஊற்றி வடித்த காரநீர் தோலை அரிக்கும். அதில் முட்டையைப் போட்டு, மிதந்து ஒரு நாணயம் அளவு மேலே தெரிந்தால் காரம் சரி என்பார்கள். பிறகு பன்றிக்கொழுப்பு.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு அந்தக் கொழுப்புத்தான் தொல்லை. தென்மாநிலச் சமையலில் அது சொல்லாமலே இருக்கும். கீரை, அவரை, பயறு எதுவானாலும் ஒரு துண்டு உப்புப் பன்றியோடு வேகும். பிஸ்கட் என்று அவர்கள் சொல்லும் மெத்தென்ற ரொட்டியில் கொழுப்பு இருக்கும். "இறைச்சி இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும், துண்டை வெளியே எடுத்துவிட்டார்கள் அல்லவா? "பன்றிக்கொழுப்போ எலும்போ போட்டு வேகவைத்தீர்களா?" என்று கேளுங்கள். கவலையில்லாமல் சாப்பிடச் சாலையோர வேகவைத்த நிலக்கடலை இருக்கிறது. பச்சைக் கடலையை உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் அவிப்பார்கள். அவர்கள் இன்னும் குழைய விடுவார்கள், மற்றபடி நம் ஊர் அவித்த கடலையேதான்.

திஃப்டன் கிராமம் பெரும் தோட்டங்களின் கதையைச் சொல்லாது. அந்த வட்டாரம் சிறு உழவர்களும் பைன் காடுகளுமாக இருந்த இடம், காட்டும் காலமும் 1865-க்குப் பிறகு. அடிமைக் காலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் லூசியானாவில் 2014-இல் திறந்த விட்னி தோட்டம், அதோடு பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஊரக வாழ்க்கை அருங்காட்சியகம். விட்னியில் முழுக்க அடிமைகளாக இருந்தவர்களின் பெயரும் சொற்களும். மலைப்பக்கத்து வாழ்க்கைக்கு டென்னசியில் 1969-இல் ஜான் ரைஸ் இர்வின் தொடங்கிய அப்பலாச்சியா அருங்காட்சியகம்.

திரும்பும்போது கடையில் இரண்டு பொருள் வாங்கத் தகும். ஒன்று, கல்லில் அரைத்த கிரிட்ஸ், அதாவது மக்காச்சோள ரவை. முளைக்கருவும் சேர்ந்து அரைபடுவதால் எண்ணெய்ச் சத்து உள்ளே இருக்கும், அலமாரியில் வைத்தால் சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். உறைபெட்டியில் வையுங்கள். ஒரு கோப்பைக்கு நாலு கோப்பைத் தண்ணீர். முதலில் ஊறவைத்து, மிதக்கும் உமியை எடுத்துவிட்டு, சிறு தீயில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். தொடக்கத்தில் கெட்டிப்படும்வரை கிளறாமல் விட்டால் ரவை அடியில் படிந்து பிடித்துக்கொள்ளும், ரவா உப்புமா நேரத்தில் இறக்கினால் பல்லில் கறகறக்கும்.

மற்றொன்று கரும்புப் பாகு. வெல்லப்பாகு என்று நினைத்து அப்படியே அதிரச மாவில் ஊற்றாதீர்கள். இது அதற்கு முந்தைய பதம், மாவு நெகிழ்ந்துவிடும். தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம், இஞ்சி தட்டிப் போட்ட காப்பிக்கு விடலாம். திறந்தபிறகு குளிர்பெட்டியில் வையுங்கள். அடியில் சர்க்கரை படிந்திருந்தால் சரக்குக் கெடவில்லை, கரண்டிக்காரர் இரண்டு நிமிடம் தாமதித்திருக்கிறார். புட்டியை வெந்நீரில் நிறுத்தினால் கரைந்துவிடும்.